பள்ளி திறந்துவிட்டது: பிள்ளைகளின் படிப்பில் நம் வீட்டின் பங்கு

(பொங்கல் விடுமுறைக்குப் பின் குரும்பகரத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. நாள் முழுக்க வேலை பார்த்த அலுப்போடு சிலர் வந்திருக்கிறீர்கள். அடுப்படி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்துக்கு மதிப்பளித்து, சொல்ல வந்ததை நேராகவே சொல்லிவிடுகிறோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. டிசம்பர் விடுமுறை, புத்தாண்டு, பொங்கல் எல்லாம் கழிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. இனி ஆண்டுத் தேர்வு வரை நம் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதங்கள்தான். இந்த ஆண்டு, 2026-இல், அந்த இரண்டு மாதங்களுக்குள்ளேயே ரமலானும் வருகிறது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பிறை தென்படும் என்று எதிர்பார்க்கிறோம். நோன்பும் தேர்வும் சேர்ந்து வரும் இந்த நாட்களில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் நம் சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன செய்து கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வருகை. விடுமுறை முடிந்த பிறகும் சில பிள்ளைகள் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே பள்ளிக்குப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த அத்தா திரும்பிப் போகும்வரை கூட இருக்கட்டும் என்கிறோம். உறவில் ஒரு நிக்காஹ், அதற்கடுத்து ஒரு விருந்து, அப்படியே இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்கிறோம். "சின்ன வகுப்புதானே, என்ன பெரிய பாடம் போய்விடப் போகிறது" என்றும் சொல்லிக்கொள்கிறோம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம்தான். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓராண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். அப்படியானால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். பத்து நாள் தாமதமாகப் போகும் பிள்ளை 40 மணி நேரத்தை இழக்கிறது. அது ஆண்டின் இருபதில் ஒரு பங்கு. நம் கடற்கரைப் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்காக விடுகிற விடுமுறையும் இருக்கிறது. மழை விடுமுறை நம் கையில் இல்லை. விருந்துக்காக எடுக்கும் விடுப்பு நம் கையில்தான் இருக்கிறது.

வகுப்பில் புதிய பாடத்தை ஆசிரியர் ஆரம்பிக்கும் நாளில் பிள்ளை அங்கே இருந்தால்தான் அடுத்த நாள் பாடம் புரியும். கழித்தலில் கடன் வாங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த அன்று வராத பிள்ளைக்கு, அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் புதிராகத்தான் இருக்கும். பிறகு நாம் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குக் கணக்கு வராது" என்கிறோம். பிள்ளைக்குக் கணக்கு வராமல் போகவில்லை. கணக்கு நடந்த அன்று பிள்ளை வராமல் போயிற்று.

இரண்டாவது, வாசிப்பு. இதைத்தான் இன்று நாம் அதிகமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்கவும், எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், 2026-27 கல்வியாண்டுக்குள் இதை எட்ட வேண்டும் என்பது அதன் இலக்கு. ஏன் மூன்றாம் வகுப்பு என்று கேட்கலாம். அதுவரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு, வாசித்துத்தான் மற்ற பாடங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். சூழ்நிலையியல் பாடத்தை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பாடமும் போய்விடும். கணக்குப் புத்தகத்தில் உள்ள கேள்வியை வாசிக்க முடியாவிட்டால் விடை தெரிந்தும் எழுத முடியாது.

நம் பிள்ளை வாசிக்கிறதா, இல்லையா? மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. மாலையில் சில பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் கேட்டபோது நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பாடத்தை மளமளவென்று வாசித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். சும்மா ஒரு சோதனைக்காக, அடுத்த வரியைக் கையால் மறைத்தோம். பிள்ளை நிற்கவே இல்லை. மறைந்திருந்த வரியையும் சொல்லிக்கொண்டே போயிற்று. பாடம் முழுக்க மனப்பாடம்! வேறொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் எழுத்துக் கூட்டவே திணறியது. அந்தப் பிள்ளையின் நினைவாற்றலில் குறையே இல்லை. ஆனால் அதற்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது அன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். இன்னும் நடத்தாத பாடமாகப் பார்த்து ஐந்து வரி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, "என்ன கதை, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். தெரியாவிட்டால் திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எந்த எழுத்தில் தடுக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் போதுமா என்று நினைக்க வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம் வாசித்தால் 60 நாளில் 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். பள்ளியில் ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்க வைத்தால் ஆளுக்கு 1 நிமிடம் 20 விநாடிதான் கிடைக்கும். எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது. வீட்டில் நாம் கொடுக்கும் பத்து நிமிடத்தின் மதிப்பு அதில் தெரியும்.

இங்கே சில தாய்மார்கள் மனதுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்கும். "எங்களுக்கே படிப்பு தெரியாதே! இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" நம் புதுச்சேரி மாநிலத்து அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு இந்தத் தயக்கம் இன்னும் கூடியிருக்கிறது. உண்மைதான். ஆனால் நாங்கள் உங்களைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. கேட்கச் சொல்கிறோம். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். தட்டுத் தடுமாறி வாசிக்கிறதா, தெளிவாக வாசிக்கிறதா என்பதைக் கண்டுகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம், காது போதும்.

நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எத்தனையோ பெண்கள் அரபுத் தமிழ் படித்தார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதிய கிதாபுகளை வாசித்து மார்க்கச் சட்டம் தெரிந்துகொண்டார்கள். தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து அலிஃப், பா சொல்லிக்கொடுத்து, குர்ஆன் ஓதப் பழக்கினார்கள். ஒரு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, பிழையாக ஓதினால் எப்படித் திருத்துவது, ஒரு பாடம் தேறாமல் அடுத்த பாடத்துக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. இன்றைக்கும் நம் வீடுகளில் பிள்ளை ஓதும்போது ஒரு எழுத்து தவறினால் அடுப்படியில் இருக்கும் உம்மாவுக்குக் காது கேட்டுவிடும். அதே காதைத் தமிழ்ப் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

கணக்குக்கும் இதே வழிதான். மீன்காரரிடம் 200 ரூபாய் கொடுத்து 130 ரூபாய்க்கு மீன் வாங்கினால் மீதி எவ்வளவு என்று பிள்ளையைக் கேளுங்கள். கடைக்கு அனுப்பினால் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள். சம்பா அறுப்பு நடக்கும் நேரம் இது. மூட்டைகளை எண்ணச் சொல்லுங்கள், பத்துப் பத்தாக அடுக்கினால் எத்தனை அடுக்கு என்று கேளுங்கள். புத்தகத்தில் உள்ள கணக்கு வேறெங்கிருந்தும் வரவில்லை. நம் வாசலிலிருந்துதான் போயிருக்கிறது.

அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் தந்தைமார்கள். அத்தா என்றாலும் வாப்பா என்றாலும், காரைக்கால் பக்கத்து வீடுகளில் பலருக்கு அவர் போனில் வரும் குரல்தான். வளைகுடாவில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள், பிரான்சில் இருப்பவர்கள் என்று பல நாடுகளில் இருக்கிறார்கள். தினமும் பேசுகிறார்கள், அதில் குறையில்லை. "நல்லா படிக்கிறியா?" என்று கேட்கிறார்கள். பிள்ளையும் "ம்" என்கிறது. அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். "இன்னைக்கு என்ன பாடம்? ஒரு பக்கம் வாசி, நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். இங்கே இரவு 7 மணி என்றால் துபாயில் மாலை 5.30, சவூதியில் 4.30, பிரான்சில் இப்போது பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் இரவு 9.30. அந்த நேரம் வேலையில் இருப்பவர்கள் பிள்ளை வாசிப்பதைக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லி, ஓய்வு நேரத்தில் கேட்டு, ஒரு வார்த்தை பதில் அனுப்பினால் போதும். அத்தா அனுப்பும் பொம்மை உடைந்துவிடும். தன் வாசிப்பை அத்தா கேட்டார் என்பது பிள்ளையின் மனதில் நிற்கும்.

இனி ரமலான். அந்த மாதம் நம் வீடுகளில் இரவும் பகலும் மாறிப்போகும். தராவீஹ் முடிந்து வந்து, பேசிக்கொண்டிருந்து, பிள்ளைகள் தூங்க 11 மணி ஆகிறது. ஸஹர் நேரத்துக்குப் பாத்திரச் சத்தத்தில் விழித்துக்கொள்கிறார்கள். காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓதப் போய், அங்கிருந்து பள்ளிக்குப் போய், வகுப்பில் தலை சாய்க்கிறார்கள். நோன்பு பருவமடைந்தவர்கள் மீதே கடமை என்பது நீங்கள் அறிந்ததே. சிறு பிள்ளைகளைப் பழக்குவது நல்ல காரியம். ஸஹாபாப் பெண்மணிகள் ஆஷூரா நோன்பன்று தம் பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்தார்கள். பிள்ளை பசியில் அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்துத் தேற்றினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அந்தப் பழக்கத்தில் அன்பு இருந்தது. நம் பிள்ளைகளையும் பள்ளி இல்லாத நாளில் நோன்பு பிடிக்க வைத்துப் பழக்கலாம். தேர்வு நாளில் ஏழு வயதுப் பிள்ளை நோன்பு வைக்க அடம்பிடித்தால் என்ன செய்வது என்று நம் ஆலிம்களிடம் கேளுங்கள். பக்குவமாக வழி சொல்வார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வீட்டில் எல்லோரும் நோன்பு என்றால், நோன்பில்லாத சிறு பிள்ளையின் காலைச் சாப்பாடு மறந்துபோகிறது. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த மண் எப்போதோ புரிந்துகொண்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930-இல், பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. நமக்குப் பக்கத்திலுள்ள திருக்குவளையில்தான் 2023 ஆகஸ்டில் தமிழக அரசு தன் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது. அரசாங்கங்கள் பிள்ளையின் வயிற்றை நினைக்கும்போது வீடு மறக்கலாமா? ஸஹருக்குச் சமைக்கும்போதே பிள்ளைக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். இரவு 9 மணிக்குள் சிறு பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். காலையில் ஓதும் நேரமும் பள்ளி நேரமும் நெருக்கினால், தேர்வு வாரங்களில் மட்டும் ஓதும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவைக்க முடியுமா என்று உஸ்தாதிடம் கேளுங்கள். ஓதல் நிற்க வேண்டாம். பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தால் போதும்.

அடுத்து, பள்ளியோடு நமக்குள்ள உறவு. பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு தடவை, மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது ஒரு தடவை என்று இரண்டே முறை பள்ளிக்குப் போகிற பெற்றோர் நம்மில் உண்டு. நடுவில் கூப்பிட்டால், ஏதோ புகார் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து போகாமலே இருந்துவிடுகிறோம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களும் பாதுகாவலர்களும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதாவது அந்தக் குழுவில் நம் தாய்மார்களுக்குச் சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை என்று நாம் தெருவில் நின்று பேசுவதையெல்லாம் அங்கே உட்கார்ந்து எழுத்தில் பதிவு செய்யலாம். கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். போகத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தமாட்டார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைத்து, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாமா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எந்த முறை என்பதைத் தேர்வு வந்த பிறகு அல்ல, இந்த வாரமே தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியானாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது என்பதும் அதே சட்டம்தான்.

ஆசிரியர் எந்த மதத்தவராக இருந்தாலும் நமக்கு அவர் ஆசிரியர். ரமலான் 17-இல் நடந்த பத்ருப் போருக்குப் பின், பிணைத்தொகை கொடுக்க முடியாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளை நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை சீரா நூல்கள் சொல்கின்றன. பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை! நேற்றுவரை வாளோடு எதிரே நின்றவர்கள், இணைவைப்பாளர்கள். மதீனாவின் பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். புதிதாக எழுந்த ஒரு சமுதாயம், கையில் பணம் இல்லாத காலத்தில், பணத்துக்குப் பதிலாகப் பிள்ளைகளின் எழுத்தறிவைக் கேட்டு வாங்கியது. அந்த உம்மத்தின் வழிவந்தவர்கள் நாம். நம் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரை வழியில் கண்டால் நின்று இரண்டு வார்த்தை விசாரிக்க வேண்டாமா?

பணம் காரணமாக எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக்கூடாது. சிறுபான்மையினர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தந்துவந்த பள்ளிப்படிப்பு உதவித்தொகை, 2022-23 முதல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு இல்லை; 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்ட நிலையில், நோட்டு, பை, காலணி, வேன் கட்டணம் என்று தவிக்கும் குடும்பத்தை ஜமாஅத்தான் பார்க்க வேண்டும். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்ப்பவர்கள், அதைப் பெறத் தகுதியுள்ள வீடுகளில் படிக்கும் பிள்ளை இருக்கிறதா என்றும் விசாரித்துக் கொடுங்கள். தேவையுள்ளவர்கள் நம் அறக்கட்டளையிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

கடைசியாக ஒரு யோசனை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்க வைத்தார்கள். நம் எல்லை தாண்டியதும் உள்ள ஊர்களில் நடந்ததுதான். நம் தெருவிலும் பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே, ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசிக்க, ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டால் போதும். ரமலான் தொடங்கும்வரை இப்படி நடத்தலாம். நோன்பு நாட்களில் அஸருக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம். திண்ணை தர முன்வருபவர்களும், பிள்ளைகளோடு உட்கார முன்வருபவர்களும் கூட்டம் முடிந்ததும் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் மார்க்கத்தில் இறங்கிய முதல் கட்டளையே வாசிக்கச் சொல்லும் கட்டளை என்பதை மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இன்றிரவு அதை வீட்டில் செய்து பார்ப்போம். பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ஐந்தே ஐந்து வரி வாசிக்கக் கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு நல்ல உடல்நலத்தையும் நிம்மதியையும் தருவாயாக! வரும் ரமலானை எங்கள் எல்லோருக்கும் அடையச் செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.